தணிகைவேல் பேரைச் சொல்லி

மணலேரியில் இரண்டு வருஷமாக எந்தப் பாம்பு செத்தாலும் அது தணிகைவேல் பேரில்தான் செத்தது. கோணியில் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறவன் வழியில் வச்சலாவைப் பார்த்துவிட்டால் போதும், நின்று, கோணியை ஒரு குலுக்குக் குலுக்கிக் காட்டி, "அண்ணன் பேரைச் சொல்லி இன்னிக்கு மூணு மாட்டிக்கிச்சு" என்பான். ஏதோ கோயிலில் படையல் போட்டுவிட்டுப் பிரசாதம் நீட்டுகிற மாதிரி. வச்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள். செத்தவன் அவள் புருஷன். அவன் பேரை எடுத்துக் கோணிக்குக் கோணி ஒட்டிக்கொள்ள இவன்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

திருப்போரூருக்குக் கிழக்கே, உப்பளத்துக்குப் போகிற கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர் அது. ஊரின் நிலமெல்லாம் ஏரித் தண்ணீரில் சம்பா விளைகிற நிலம். தணிகைவேலுக்குக் கால்வாய்க் கரையை ஒட்டி, தெற்குக் கடைசியில் இரண்டு காணி. எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாசம், அறுத்துப் போட்ட அரியைக் கட்டாகக் கட்டக் குனிந்தவனைக் கண்ணாடிவிரியன் கணுக்காலில் போட்டது. உச்சிவெயில் நேரம். ஊர்ப் பெரியதனக்காரன் தேசப்பன் வீட்டு வாசலில் டிராக்டர் சும்மா நின்றுகொண்டிருந்தது. ஊரில் இருந்த ஒரே மோட்டார் வண்டி அதுதான். வச்சலா ஓடிப்போய் அவன் காலில் விழுந்தாள். "ஆஸ்பத்திரி எல்லாம் இன்னாத்துக்கும்மா, விஷம் எறக்குறவனுக்கு ஆள் அனுப்பிக்கீறேன், வந்துகினே கீறான்" என்றான் தேசப்பன். விஷம் இறக்குகிறவன் வந்து, வேப்பிலை அடித்து, தணிகைவேலின் பல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகுதான் டிராக்டரின் சாவி வெளியே வந்தது. திருப்போரூரைத் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலைக்கூட அவன் பார்க்கவில்லை.

கருமாதிக்கு ஊரே கூடியிருந்தது. சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, தேசப்பன் எழுந்து நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நம்ம தணிகைவேலைக் கடிச்ச சாதியை இந்த ஊர்ல ஒண்ணு வுடக் கூடாது. நான் ஆளு இட்டாறேன். அவன் பேர்ல சத்தியம்" என்றான். அடேயப்பா, என்ன கைதட்டல்! தாலி அறுத்த வீட்டில் உட்கார்ந்து கைதட்டினார்கள். மூலையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்த வச்சலாகூட, உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் அதை நல்ல காரியம் என்றுதான் நினைத்தாள். டிராக்டர் நின்றுகொண்டிருந்தது நினைவுக்கு வந்து அவள் பல்லைக் கடித்தது அதற்கப்புறம்.

ஆட்கள் வந்தார்கள். கவைக்கோல், கடப்பாரை, கோணி. இறந்தவனின் தம்பி இருசப்பனையும் தேசப்பன் கூடச் சேர்த்துக்கொண்டான். வரப்பு வளை, வைக்கோல் போர், கல்குவியல், பனையடி ஒன்றும் பாக்கியில்லை. தேசப்பனின் மாட்டுக் கொட்டகை தோல் கொட்டகையாக மாறிற்று. உரித்த தோலைப் பலகையில் ஆணி அடித்துக் காயவைத்து, சுருட்டி, மெட்ராஸுக்கு ஏற்றினார்கள். அங்கிருந்து கப்பலேறி எந்த ஊர்ப் பெண்பிள்ளையின் செருப்பாயிற்றோ, கைப்பையாயிற்றோ. பழிவாங்குவதற்காக ஆரம்பித்த காரியம் என்றால் கொன்று புதைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? பழிக்குப் பலகையும் ஆணியும் எதற்கு?

அதைவிட அநியாயம் என்னவென்றால், அதிகம் செத்தது சாரை. கடித்தது விரியன், செத்தது சாரை. ஆள் உயரத்துக்கும் மேலே வளர்கிற உருப்படி, நீளமான தோல், விஷமும் கிடையாது, வாலைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். எந்தக் கோணியை அவிழ்த்தாலும் முக்கால்வாசி அதுதான். "இதெல்லாம் எங்க அண்ணனைக் கடிச்சதாடா?" என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. தம்பிக்காரனே கேட்கவில்லை, மற்றவனைச் சொல்லி என்ன?

வச்சலா கேட்டாள். அவள் வயலின் கால்வாய்ப் பக்கத்து ஓரம் முழுக்கத் தாழம்புதர். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில் சாரை குடியிருப்பது அவளுக்குத் தெரியும். களை எடுக்கும்போது வரப்பைக் குறுக்கே கடந்து போகும், இவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிவாள். அது பாட்டுக்கு அது, இவள் பாட்டுக்கு இவள். கவைக்கோலோடு முதல் தடவை வந்தவர்களை, "என் வயலாண்ட வராதீங்க" என்று திருப்பி அனுப்பினாள். புருஷன் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருஷத்துச் சம்பாவில் எலி வந்தது.

வந்தது என்று சொன்னால் போதாது. மணலேரியில் எலி எப்போதுதான் இல்லை? அறுவடையில் அதுவும் ஒரு பங்கு தின்னும், அதை ஒரு பங்கு சாரை தின்னும், மிச்சத்தில்தான் ஊர் பிழைத்தது. இப்போது எலியைத் தின்ன ஆள் இல்லை. ஓர் எலி குட்டி போட்டால், அந்தக் குட்டி கண் திறந்து இரண்டு மாசத்தில் குட்டி போட்டது. தூர் கட்டி, கதிர் உள்ளே திரண்டு, இன்னும் வெளியே தலை நீட்டாத நேரம் பார்த்து, அடித்தண்டைச் சாய்வாக, அரிவாளால் அறுத்த மாதிரி அறுத்துப் போட்டன. தின்றது கொஞ்சம், பாழாக்கியது பாத்தி பாத்தியாக. அதைவிட அடாவடி, அவற்றுக்குப் பயம் விட்டுப் போயிற்று. முன்னெல்லாம் இருட்டிய பிறகு, அதுவும் வரப்பு ஓரமாகப் பதுங்கிப் பதுங்கி வருகிற ஜந்து. இப்போது பட்டப்பகலில் வயலுக்கு நடுவே உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தது. கைதட்டினால் திரும்பிப் பார்த்தது.

ஊர் சும்மா இருக்குமா? எலி மருந்து வாங்கிவந்து பொரியில் பிசைந்து வளைக்கு வளை வைத்தார்கள். முதல் இரண்டு நாள் எலி கொத்துக் கொத்தாகச் செத்தது. ஆகா ஓகோ என்றார்கள். அதற்கப்புறம் ஓர் எலிகூட அந்தப் பொரியைத் தொடவில்லை. அவசரக் குடுக்கைகள் செத்தன, மோந்து பார்த்து விலகியவை பிழைத்தன, பிழைத்தவை போட்ட குட்டிகளும் தாயைப் போலவே விவரமாக இருந்தன. செத்த எலியைத் தின்று பனைமரத்து ஆந்தைகள் செத்து விழுந்தன. தெரு நாய்களில் பாதி போயிற்று. எலிக்கு இருந்த மிச்சச் சொச்ச எதிரியையும் ஊர் தன் கையாலேயே தொலைத்துக் கட்டியது.

அந்த வருஷம் மணலேரியில் ஒழுங்காகக் களம் சேர்ந்த நெல் வச்சலாவின் இரண்டு காணி நெல்தான். தாழம்புதரில் இருந்த சாரைகள் தங்கள் வேலையைப் பார்த்தன, அவ்வளவுதான் விஷயம். ஊர் அப்படிச் சொல்லுமா? "தணிகைவேல் ஆவி காவல் காக்குதுடா" என்றார்கள். வரப்பு மழித்தவள், அண்டை வெட்டியவள், இரவெல்லாம் மடை பார்த்தவள், புதரைக் காத்தவள் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் எதிரே நிற்கிறாள், அவள் யார் கண்ணிலும் படவில்லை. செத்தவன் மட்டும் பட்டான்.

"ஆவியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. புதர்ல சாரை கீது. உங்க வயல்ல இல்ல. அவ்ளோதான்" என்று குழாயடியில் வைத்துச் சொன்னாள் வச்சலா. "புருஷனையே பாம்புக்குக் கொடுத்துட்டு இவ பாம்புக்குப் பரிஞ்சுகினு வரா பாரு" என்று ஒருத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மறு வருஷம் ஐப்பசியில் அவளுக்கு இன்னொரு பயமும் பிடித்தது. எலி பெருத்த இடத்துக்கு எலியைத் தின்கிறது எதுவோ அது வராமல் இருக்குமா? வந்தது. சாரை அல்ல. சாரை முட்டையிட்டு, பொரித்து, வளர்ந்து ஆளாகிறதற்குள் கோணிக்குப் போய்விடும். விரியன் அப்படியில்லை. ஒரே ஈற்றில் முப்பது நாற்பது குட்டி, பிறந்த உடனே பல்லும் விஷமும். இரைக்குப் போட்டி போடச் சாரையும் இல்லை, வயிறு நிறைய எலி. இரண்டாம் வருஷம் முடிவதற்குள் மணலேரி வரப்பெல்லாம் விரியன்.

இருசப்பன் ஒரு நாள் கூழ் குடிக்க வந்தவன் அவளிடம் சொன்னான். அவனும் அவன் பெண்டாட்டி சகுந்தலாவும் அடுத்த வீடு.

"இன்னா அதிசயமோ தெரில அண்ணி. போன வருசம் வைக்கப்போரைக் கோலால ரெண்டு தட்டு தட்டினா உள்ளாற இருந்து கொல்லன் துருத்தியாட்டம் 'புஸ்ஸு'னு சீறும். சத்தம் எங்கயோ அங்க குத்திப் புடிச்சுடுவோம். இப்போ தட்டினா சத்தமே இல்ல. இல்லன்னு நெனச்சுகினு கையை வுட்டா, உள்ளாற சுருண்டுகினு கீது. வாயைத் தொறக்க மாட்டேங்குது."

வச்சலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"சீறினதையெல்லாம் புடிச்சுத் தோலை உரிச்சீங்க. வாயை மூடிகினு இருந்தது பொழைச்சுகிச்சு. அது போட்ட குட்டி எப்படிடா சீறும்?" என்றாள். "நம்ம ஊர் ஆளுங்க கணக்காத்தான். தேசப்பன் எதிர்க்க வாயைத் தொறந்தவன் ஒருத்தனாவது இங்க குடியிருக்கானா, சொல்லு."

இருசப்பன் கூழைக் குடித்துவிட்டுக் கவைக்கோலை எடுத்துக்கொண்டு போனான். தேசப்பனிடம் கூலிக்கு நிற்கிறவன், அவன் என்ன பேசுவான்?

அது வெறும் பேச்சோடு போகிற விஷயமில்லை. மணலேரியில் பெண்பிள்ளைகள் வரப்பில் இறங்கினால், முதலில் குச்சியால் இரண்டு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, சத்தமில்லை என்றால்தான் கையை வைப்பார்கள். தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம் அது. விரியன் சீறும், சீறினால் விலகிப் போ. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் இந்த ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் புல் அறுத்தார்கள். அந்தச் சத்தத்தையும் தேசப்பன் தோலோடு சேர்த்து ஏற்றுமதி பண்ணிவிட்டான்.

கார்த்திகை கடைசியில் தேசப்பனே நேரில் வந்தான். வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் வரப்பின் மேல் நின்றான். பின்னால் நாலு பேர், கவைக்கோலோடு. அவன் வயலில் எலி தின்றது போக மொட்டைத் தண்டுதான் நின்றது. வச்சலா வயலில் கதிர் வெளிவந்து, பால் பிடித்து, காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஒரு வருஷத்துச் சோறு அது. தணிகைவேல் போன பிறகு, இந்த இரண்டு காணியைத் தனியாளாக வைத்துக் காப்பாற்ற மாட்டாள், யாரிடமாவது விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்று ஊரே எதிர்பார்த்தது. முதலில் எதிர்பார்த்தவன் தேசப்பன்.

"வச்சலா, இந்தப் புதர்ல நெறையா கீதுன்னு சொல்றாங்க. ஊர் மொத்தம் சுத்தம் பண்ணியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

"வேணாம் மாமா. அது சாரை. யாரையும் ஒண்ணும் பண்ணாது. அது போனா என் கதிரும் போயிடும்."

"உன் புருசனுக்காவத்தாம்மா பண்றோம்."

"மாமா, அவரு பேரை எடுக்காதீங்க."

"ஊருக்கு உழைக்கிறவனைப் பாத்து இப்டித்தான் பேசுவியா? தணிகைவேல் எனக்குத் தம்பி மாதிரி."

வச்சலாவின் கையில் கதிரறுவாள் இருந்தது. அதை அவள் ஓங்கவில்லை, நீட்டவுமில்லை. புதருக்கும் அவர்களுக்கும் நடுவே வரப்பில் உட்கார்ந்து, அறுவாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தம்பிக்கு டிராக்டர் எடுக்கலையே மாமா" என்றாள்.

பின்னால் நின்ற நாலு பேரும் கால் விரலைப் பார்த்தார்கள். தேசப்பனின் முகம் கறுத்தது. "சரி. இனிமே இந்த ஊர்ல ஒருத்தரைக் கடிச்சாலும் அது உன் புதர்ல இருந்து வந்ததுதான். அன்னிக்கு உன்னைக் கேட்டுகினு நிக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போனான்.

மார்கழியில் கடித்தது. கடித்தது வேறு யாரையுமில்லை, சகுந்தலாவை.

காலையில் வச்சலாவும் அவளும் ஆட்டுக்குப் புல் அறுக்க ஏரிக்கரைப் பக்கம் போனார்கள். அது வச்சலாவின் வயலிலிருந்து ஊரின் மறு கோடி. தாழம்புதர் எங்கே, ஏரிக்கரை எங்கே! சகுந்தலா வழக்கம்போலக் குச்சியால் வரப்பை இரண்டு தட்டுத் தட்டினாள். காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. இடது கையால் புல்லை ஒரு கொத்தாகப் பிடித்தவள், "அக்கா" என்றாள். அலறக்கூட இல்லை. "அக்கா, அது சீறவே இல்லக்கா" என்றாள், ஏதோ ஏமாற்றப்பட்ட மாதிரி. நடுவிரலில் இரண்டு பொட்டு ரத்தம். புல்லுக்குள் சங்கிலி சங்கிலியாக வட்டம் போட்ட உடம்பு மெதுவாக நகர்ந்து போயிற்று.

வச்சலா தேசப்பன் வீட்டுப் பக்கம் தலை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்தது போதாதா? சகுந்தலாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேரே கால்வாய் ரோட்டுக்கு வந்தாள். கோவளம் பக்கத்திலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு வந்த லாரியின் குறுக்கே போய் நின்றாள். டிரைவர் வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே இறங்கினான். கையைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்தினான். திருப்போரூரில் நிற்கவில்லை, எங்கேயும் நிற்கவில்லை, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில்தான் பிரேக் போட்டான். மகராசன், பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டான்.

ஊசி போட்டார்கள். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். கை தோள்வரைக்கும் வீங்கி, கறுத்துப்போயிற்று. விரல் ஒன்று தேறாது என்றும் உயிருக்குப் பயமில்லை என்றும் டாக்டரம்மா சொன்னபோது வச்சலா வராந்தாச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பாதி சகுந்தலாவுக்காக அழுதாள். பாதி, இதே வாசல் இத்தனை பக்கத்தில் இருந்திருக்கிறதே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்திருக்கிறதே என்று தணிகைவேலுக்காக அழுதாள்.

இருசப்பன் மறுநாள்தான் வந்தான். பெண்டாட்டி கட்டிலண்டை நின்று அழுதான். அவன் மேலிருந்து மண்ணெண்ணெய் நெடி வீசியது. புருவம் ஒரு பக்கம் கருகியிருந்தது. வச்சலா அவனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாடா பண்ணீங்க?"

அவன் தலையைக் குனிந்தான்.

"கேக்குறேன் இல்ல, இன்னா பண்ணீங்க?"

"கொளுத்திட்டோம் அண்ணி. ஊர்ல அல்லாரும் சேர்ந்து. சகுந்தலாவைக் கடிச்சுட்டுதுன்னு கேட்டதும் எனக்கு ஒண்ணுமே தோணல. தேசப்பரு டின்னைக் கையில குடுத்தாரு. நான்தான்... நான்தான் முதல்ல ஊத்தினேன்."

"உள்ளாற விரியன் இருந்துதா?"

அவன் கருகின புருவத்தைத் தடவினான்.

"ஒண்ணாவது இருந்துதாடா?"

"இல்ல அண்ணி. அல்லாம் சாரை. வெளிய ஓடியாந்தது அத்தினியும் சாரை."

அவனை அறையக் கை ஓங்கியவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள். அவனை அறைந்து என்ன ஆகப்போகிறது? மண்ணெண்ணெய் டின்னைக் கொடுத்தவன் அங்கே மணலேரியில் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருப்பான். "பொண்டாட்டியைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் திருப்போரூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு நாளாகச் சோறு இல்லை, தூக்கம் இல்லை. பஸ் போகிற போக்கில் வாய்க்குள்ளேயே ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து எடுத்து வைத்துக்கொண்டு போனாள்.

முதலில் வயலுக்குப் போனாள். தாழையின் அடிமட்டை மட்டும் கரிக்கட்டையாக நின்றது. சாம்பல் இன்னும் சூடு ஆறவில்லை. இரண்டு நாளைக்கு முன்பு காற்றுக்குச் சாய்ந்துகொண்டிருந்த கதிரில், புதரை ஒட்டின முதல் பாத்தி அதற்குள் படுத்துவிட்டது. குனிந்து ஒரு தண்டை எடுத்துப் பார்த்தாள். சாய்வாக அறுத்திருந்தது. எலிக்குச் செய்தி போக ஓர் இரவு போதுமாக இருந்திருக்கிறது.

அந்தத் தண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தேசப்பன் வீட்டு வாசலுக்குப் போனாள்.

அவன் தோல் கொட்டகை வாசலில் ஈசிச்சேரில் சாய்ந்து, இரண்டு காலையும் சேரின் கைக்கட்டை மேல் நீட்டி வைத்திருந்தான். பக்கத்தில் முன்பு கவைக்கோலோடு வந்த அந்த நாலு பேர். கொட்டகைச் சுவரில் பலகை பலகையாகப் புதுத் தோல். மஞ்சளும் கறுப்புமாக அந்த நீளத்தை வச்சலாவுக்குத் தெரியும். களை எடுக்கும்போது நிமிர்ந்து பார்த்துக் குனிந்த அதே நீளம். உள்ளே அடுக்கியிருந்த பழைய நெல்மூட்டை மேல் பட்டப்பகலில் எலி ஓடிக்கொண்டிருந்தது.

"வாம்மா. சகுந்தலா தேவலாமா? தணிகைவேல் புண்ணியம், நல்லபடியா..."

"வாயை மூடுயா."

'மாமா' என்கிற மரியாதை போயிற்று. 'நீங்க' என்பதும் போயிற்று. நாலு பேரும் எழுந்து நின்றார்கள்.

"எத்தினி நாளைக்குயா அவரு பேரைச் சொல்லிப் பொழைப்ப? அவரு சாவுக்கு நீ பண்ணது ஒரு சாவித் துண்டை இடுப்புல சொருகிகினு உக்காந்திருந்தது. அப்பறம் அந்த சாவை வெச்சே கொட்டாய் கட்டிட்ட. சாரையைக் கொன்ன, எலி வந்துது. எலி வந்துது, விரியன் வந்துது. சீறினதைக் கொன்ன, சீறாதது சகுந்தலா கையைப் புடிச்சுது. இப்போ என் புதரையும் கொளுத்திட்ட. இந்தா பாரு, உன் எலி வேலை" என்று தண்டை அவன் மடியில் எறிந்தாள். "இத்த யாரு பேர்ல எழுதப்போற?"

தேசப்பனுக்குக் கோபம் ஏறிற்று. நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு பெண்பிள்ளை, அதுவும் வாசலில் நின்று, நாலு பேர் எதிரில்! காலைக் கீழே இறக்கிச் செருப்பைத் தேடப் போனான்.

செருப்புக்கு அந்தப் பக்கம், ஈசிச்சேரின் கால் ஓரமாக, நெல்மூட்டை நிழலில் அது சுருண்டிருந்தது. முதுகில் வட்டம் வட்டமாகச் சங்கிலி. தலை எலி ஓடுகிற திசையைப் பார்த்து. சத்தமே இல்லை.

வச்சலா பார்த்துவிட்டாள். அவள் மட்டும்தான் பார்த்தாள்.

சும்மா இருந்திருக்கலாம். இன்னும் ஒரு வார்த்தை திட்டிக்கொண்டே இருந்தால் போதும், அவன் கால் தானாக இறங்கியிருக்கும். யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், யாருக்கும் தெரிந்தேயிருக்காது. வாயை மூடிக்கொண்டு பிழைக்கிற ஊரில் அவளும் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டால் என்ன? அந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். அதன் கூடவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கறுத்துக் கிடந்த கையும் கண் முன்னால் வந்தது.

"காலை எறக்காத!" என்று கத்தினாள்.

"இன்னாடி?"

"காலைத் தூக்கு! அசையாத! சேருக்கு அடியில கீது!"

தேசப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி சொன்னதைக் கேட்டு, பாதி இறங்கின காலை அந்தரத்திலேயே நிறுத்தினான். மூட்டையிலிருந்து ஓர் எலி குதித்துச் செருப்பைத் தாண்டி ஓடிற்று. அந்தச் சுருள் ஒரு தடவை அவிழ்ந்து சுருண்டது, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. எலி நாலு எட்டு ஓடி, வாசல்படியண்டை சாய்ந்து, காலை உதைத்துக்கொண்டு அடங்கியது. விரியன் அவசரமே இல்லாமல் மூட்டைக்கு அடியில் போய் மறைந்தது. நாலு பேரில் ஒருவன் கவைக்கோலை எடுத்துக்கொண்டு வந்து மூட்டையைத் தட்டினான், குனிந்து காது கொடுத்தான். உள்ளே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவன் மெல்லப் பின்வாங்கினான்.

தேசப்பனுக்கு வேர்த்து ஊற்றியது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான்.

"தணிகைவேலு! நீதாம்பா! நீதான் வந்து காப்பாத்தினே!"

"அவருதான்! அவருதான்!" என்று நாலு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வச்சலாவுக்கு இரண்டு வருஷமாக உள்ளே கிடந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மேலே வந்தது.

"அவரு செத்துப் பூட்டாரு!" என்றாள். தெருக் கோடிவரை கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது, அதற்கடுத்த வீட்டுக் கதவும் திறந்தது. "ரெண்டு வருசமாச்சு அவரு செத்து. உன் டிராக்டரைப் பாத்துகினே செத்தாரு. அவரு எங்கேர்ந்துயா வந்து உன்னைக் காப்பாத்துவாரு? எதுக்குக் காப்பாத்துவாரு? காப்பாத்தினது நானு. என் கண்ணு பாத்துது, என் வாய் கத்துச்சு. என் வயலைக் காத்ததும் நானு. என் பேரு வச்சலா. சொல்லு."

தெருவில் இன்னும் இரண்டு கதவு திறந்தது.

"சொல்லுயா. யாரு காப்பாத்தினது?"

தேசப்பன் இரண்டு காலையும் சேர்மேல் மடக்கிக்கொண்டு, குழந்தை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவோரம் நின்றவர்களைப் பார்த்தான். மூட்டை அடியைப் பார்த்தான்.

"வச்சலா" என்றான்.

"சத்தமா."

"வச்சலா. வச்சலாதான்."

அவள் சுவரண்டை போய்ப் பலகையிலிருந்து தோல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஆணி தெறித்து விழுந்தது. ஒருவன்கூடத் தடுக்கவில்லை. அத்தனையையும் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"தாழை வேர் கருகலை, நான் பாத்துட்டுத்தான் வரேன். துளிர்க்கும். கரையோரத்துல எங்கனா ஒரு முட்டை தப்பியிருக்கும். அது வளர்ற மட்டும் எலியை நானே தகரம் தட்டி வெரட்டிக்கிறேன். அது வரைக்கும் உன் ஆளு எவனாவது என் வரப்புல கால் வெக்கணும்னா, இப்போ சொன்னியே ஒரு பேரு, அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டுட்டு வரச் சொல்லு. நான் சரின்னு சொன்னா வரட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வாசலில் நின்ற பெண்பிள்ளைகள் வழிவிட்டார்கள். கொட்டகைக்குள் எலிகள் மறுபடி மூட்டையைக் கறண்ட ஆரம்பித்தன. அவள் தெருமுனை திரும்பி மறைகிறவரைக்கும் தேசப்பன் காலைக் கீழே இறக்கவில்லை.